ஊமையன் கோட்டையில் இருட்டறை

பயப்படுவதற்காகக் காசு கொடுக்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்று சொன்னால் நம் பாட்டிமார் நம்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் காலத்தில் பயம் இனாமாகவே கிடைத்து வந்தது. ஊர்க்கோடிப் புளியமரமும், அமாவாசை இருட்டும், ஒற்றையடிப் பாதையும் போதும். பயத்துக்கு வேறு முதலீடு தேவைப்படவில்லை. லண்டன் மாநகரத்திலோ இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். "லண்டன் டஞ்சன்" என்று அதற்குப் பெயர். டஞ்சன் என்றால் பாதாளச் சிறை. 1974-ஆம் ஆண்டில் லண்டன் பாலத்தின் அருகே, டூலி வீதியில், ரயில் பாதையைத் தாங்கும் வளைவுகளின் கீழே அது ஆரம்பமாயிற்று. 2013-ல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கவுண்டி ஹால் என்னும் பெரிய மாளிகைக்கு இடம் பெயர்ந்தது. ஒரு காலத்தில் லண்டன் நகர நிர்வாகமே நடைபெற்ற மாளிகை அது! இப்பொழுது அங்கே வேஷதாரிகள் கொள்ளைநோய்க் கால வைத்தியராகவும், சித்திரவதை செய்கிறவராகவும், தூக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதியாகவும் இருட்டிலிருந்து பாய்ந்து வருகிறார்கள். வந்தவர்கள் அலறுகிறார்கள். அலறி முடிந்ததும் வெளியே வந்து சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த விவரத்தை நமக்குச் சொன்னவர், நம்மிடம் படித்துவிட்டு இப்பொழுது அந்நகரில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர். விடுமுறைக்கு வந்திருந்தபோது வகுப்புக்கும் வந்து, கைப்பேசியில் சில படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அன்று சரித்திர பாடம் நடந்த மாதிரிதான்! அவர் விடைபெற்றுச் சென்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சார், நம்ம மாவட்டத்துலயும் அதுமாதிரி ஒண்ணு இருக்கு சார். திருமயம் கோட்டையில ஊமைத்துரையை அடைச்சு வச்ச இருட்டறை. எங்க அப்பத்தா சொல்லியிருக்காங்க."

அடுத்த சனிக்கிழமையே நாற்பது பிள்ளைகளுடனும், துணைக்கு வந்த தமிழாசிரியருடனும் நாம் திருமயத்துக்குப் புறப்பட்டுவிட்டோம்.

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே காரைக்குடிச் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால் திருமயம். நமணசமுத்திரம் தாண்டியதும் செம்பொறை நிலமும், தைலமரக் காடும், இடையிடையே கண்மாய்க் கரைப் பனைகளும் மாறி மாறி வருகின்றன. இந்தத் தைலமரங்களைப் பற்றி நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைப் பிறிதொரு சமயம் எழுதுவோம். வெட்டவெளியில் திடீரென்று ஒரு பெரும்பாறை தலை தூக்குகிறது. அதன் உச்சியில் ஒரு கொத்தளம். பாறையின் இடுப்பைச் சுற்றி மதில். அதுதான் கோட்டை.

சாலையோரத்திலேயே, மதிலை ஒட்டினாற்போல், கோட்டை பைரவர் வடக்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். இராமேசுவரம் செல்லும் வண்டிகளில் இவரைக் கும்பிடாமல் போகிறவை குறைவு. நம்முடைய பஸ் டிரைவரும் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சென்று சூறைத்தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பயங்கர ரூபமுடைய கடவுளைக் காவலுக்கு வைத்து, அவர் முன்னிலையில் பயத்தைத் தொலைத்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். லண்டன்காரர்களின் வழக்கம் அதற்கு நேர்மாறு என்று தமிழாசிரியர் வேடிக்கையாகச் சொன்னார்.

இக்கோட்டை 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியால் கட்டப்பட்டது. ஆதியில் ஒன்றையொன்று சூழ்ந்து ஏழு மதில்கள் இருந்தனவாம். பின்னர் இது புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வசமாயிற்று. 1730-களில் தஞ்சைப் படைத்தலைவன் ஆனந்தராவ் தொண்டைமான் நாட்டைச் சூறையாடியபோது, மன்னர் தஞ்சம் புகுந்து ஓராண்டுக் காலம் முற்றுகையைத் தாங்கியது இந்த மதில்களுக்குள்ளேதான். இன்று மத்திய அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையின் காவலில் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். வெயில் ஏறுவதற்குள் பாறையில் ஏறிவிட வேண்டும் என்று காவலாளி எச்சரித்தார். நல்ல எச்சரிக்கை. பத்து மணிக்குமேல் அந்தப் பாறையில் செருப்பில்லாமல் நிற்கிறவர்கள் பரதநாட்டியம் கற்றுக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு மதிலும் வேண்டியிருக்கவில்லை, பீரங்கியும் வேண்டியிருக்கவில்லை. "இருட்டறை எங்கே சார்?" என்ற ஒரே கேள்விதான். பாதிப் பாறை ஏறியதும் வழியில் மருந்துக் கிடங்கு எதிர்ப்பட்டது. வெடிமருந்து வைத்திருந்த கட்டடம். அதற்கு மேலே பாறையின் முகத்தில் ஒரு குடைவறை. இரும்பு ஏணி வழியாக ஏறினால்தான் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். இதுவே இருட்டறை என்று தீர்மானித்து நான்கைந்து பையன்கள் முந்தி ஏறினார்கள். முதலாவதாக ஏறியவன் உள்ளே தலையை நீட்டினான். கீழே நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் திரும்பிப் பார்த்து, ஏமாற்றம் நிறைந்த குரலில், "லிங்கம் இருக்குடா!" என்றான்.

உள்ளே சதுரமான ஆவுடையாரின்மேல் ஒரு சிவலிங்கம். கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பாறையைக் குடைந்து அமைத்தது. அங்கே விலங்கும் இல்லை, சங்கிலியும் இல்லை.

உச்சியில் கொத்தளத்து நிழலில் எல்லோரையும் உட்கார வைத்தோம். கீழே திருமயம் ஊர் கையகலமாகத் தெரிகிறது. கோவில் கோபுரங்களும், குளமும், மானாமதுரை போகும் ரயில் பாதையும், அப்பால் கண்ணுக்கெட்டிய வரையில் கண்மாய்களும். காற்று பலமாக வீசியது. அப்பத்தா சொன்ன கதை பொய்யா என்று அந்தப் பையன் கேட்டான். முகம் சுருங்கியிருந்தது. அப்பத்தாக்கள் பொய் சொல்வதில்லை, கேட்டதைச் சொல்கிறார்கள். இக்கோட்டைக்கு ஊமையன் கோட்டை என்ற பெயர் ஜனங்களிடையே வழங்கி வருவது உண்மை. ஊமைத்துரை சிறையிருந்ததற்குச் சான்று உள்ள இடமோ பாளையங்கோட்டை. 1799-ல் அண்ணன் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு அங்கே அடைத்து வைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பிச் சென்று, இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடியும் எழுப்பினார். கும்பினிப் படை அதைப் பிடிக்க மே மாதம் வரையில் திணறியது.

அந்த முற்றுகையில் எதிர்ப்பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1830-ல் தம் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதிலுள்ள ஒரு சம்பவத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கோட்டை வீழ்ந்த அன்று வெளியேறிய வீரர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. இரவில் அருகிலிருந்த ஊர்ப்பெண்கள் பிணங்களிடையே தங்கள் மக்களைத் தேடினார்கள். ஒரு தாய் தன் மகனைக் குற்றுயிராகக் கண்டாள். அவனோ, தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் "சாமி"யைக் காப்பாற்றும்படி சொன்னான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரை வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். சிறிது நேரத்தில் எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். உடனே அவர்மேல் துணியைப் போர்த்தி, பையன் பெரியம்மையில் இறந்துபோனான் என்று மாரடித்து அழுதார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து திரும்பிப் பாராமல் ஓடினார்கள்.

பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அலறல் ஒன்றும் இல்லை.

கதை இத்துடன் நின்றிருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பெண், பொன்னமராவதிப் பக்கத்துச் சிறுமி, கேட்டாள்: "கட்டபொம்மனை எங்க சார் பிடிச்சாங்க?"

புதுக்கோட்டையில் சரித்திர பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை. மணி அடித்துவிட்டால் நல்லது என்றுதான் நினைப்பார்கள். பாஞ்சாலங்குறிச்சி 1799 செப்டம்பரில் வீழ்ந்தது. கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்தார். அவர் பிடிபட்டது இந்தக் கோட்டைக்கு மேற்கே, திருக்களம்பூரை அடுத்த காலியாப்பூர்க் காட்டில். அதாவது அச்சிறுமியின் ஊர்ப்பக்கத்தில். பிடித்தவர்கள் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள். பிடித்துத் தரும்படி கேட்டது கும்பினியின் கலெக்டர் லஷிங்டன். மன்னர் பிடித்துக் கொடுத்தார்.

"எட்டப்பன் இல்லையா சார்?" என்றான் ஒருவன். "நம்ம ராஜாவா?"

'எட்டப்பன்' என்ற பெயர் தமிழில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. எட்டயபுரத்தார் கும்பினிக்கு உதவியவர்களே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வசைச்சொல்லின் மறைவில் நம் ஜில்லா இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. 1959-ல் வெளிவந்த சினிமாப் படத்தைப் பார்த்துவிட்டு நம் பெரியவர்களும் எட்டப்பனைத்தான் ஏசினார்கள். காலியாப்பூர்க் காட்டை நினைத்தவர்கள் எத்தனை பேரோ!

மன்னரின் தரப்பையும் சொல்லவேண்டியது நியாயம், சொன்னோம். திருச்சிராப்பள்ளி முற்றுகை நடந்த 1750-களிலிருந்தே புதுக்கோட்டை கும்பினியின் நேச நாடு. பிரெஞ்சுக்காரர்கள் வலுத்திருந்த நாளில் ஆங்கிலப் படைக்குத் தானியமும் ஆடுமாடும் அனுப்பிக் காப்பாற்றியது. ஐம்பது ஆண்டு நட்பை ஒரு பாளையக்காரருக்காகத் தொண்டைமான் முறித்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது எளிதல்ல. முறித்துக்கொண்டிருந்தால் சிவகங்கைக்கு 1801-ல் நேர்ந்தது புதுக்கோட்டைக்கும் நேர்ந்திருக்கும். பலனும் கண்கூடு. எதிர்த்த பாளையங்கள் அழிந்தன. புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்திய யூனியனோடு இணையும் வரையில் சமஸ்தானமாகவே நிலைத்தது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் செப்பனிடப்பட்ட நேரான தெருக்களில்தான் இன்றும் நடக்கிறோம். நாம் கல்வி கற்றதும் ராஜா பெயர் தாங்கிய கல்லூரியில்தான். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு மன்னரை வையும்படி பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இச்சேவைகளுக்குப் பரிசாக மன்னர் கேட்டுப் பெற்றது கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நாடும், 1803-ல் கிடைத்தது. லண்டனிலிருந்த கும்பினி டைரக்டர்கள் 1806-ல் அதை உறுதிசெய்தபோது, ஆண்டுக்கு ஒரு யானை கப்பமாகத் தரவேண்டுமென்று நிபந்தனை போட்டார்கள். அந்த யானையை வற்புறுத்தி வாங்கியதில்லை. 1836-ல் நிபந்தனையையே நீக்கிவிட்டார்கள். ஆக, ஒரு மனிதரைக் கொடுத்தோம். யானை கொடுக்காமல் தப்பித்தோம்.

"பிடிச்சுக் கொடுத்தா கொன்னுடுவாங்கன்னு ராஜாவுக்குத் தெரியுமா சார்?" என்று அச்சிறுமியே மறுபடியும் கேட்டாள். நம்முடைய பி.ஏ. பட்டமும், இருபது வருஷ அனுபவமும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தெரிந்திருக்கவே வேண்டும் என்பதே நம் எண்ணம். கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையைச் செப்டம்பர் 13-ஆம் தேதியே நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் யாவரும் காணும்படி வைத்துவிட்டார்கள். அச்செய்தி பரவாமல் இருக்குமா? பரவ வேண்டும் என்பதற்காகத்தானே செய்தார்கள்!

அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் நடந்ததும் அத்தகையதே. மேஜர் பானர்மன் கட்டபொம்மனை இரகசியமாக ஒரு சிறைக்கூடத்தில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே விசாரணையென்று ஒன்றை நடத்தி, புளியமரத்தில் தூக்கிலிட்டார். பயக்காட்சி என்றால் அதுவே பயக்காட்சி. அதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது. வரச்சொல்லி உத்தரவுதான் உண்டு. பார்த்தவர்கள் வெளியே வந்து சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கள் கோட்டைகளைத் தாங்களே இடித்தார்கள், ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். காட்சியை நடத்தியவரின் நோக்கமும் அதுவே.

லண்டன் இருட்டறையில் காட்டப்படும் தூக்குமரமும் ஒரு காலத்தில் இப்படி உத்தரவின் பேரில் ஜனங்கள் நடுங்குவதற்காக நிறுத்தப்பட்டதுதான். அந்த நடுக்கம் முழுவதும் வடிந்துபோன பிறகு அந்நகரத்தார் அதை விளையாட்டாக்கிக் கொண்டார்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் தூக்குமரம். நாம் குறை சொல்வதற்கில்லை. அந்தமான் சிறையை நாம் 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக்கி, ஒலியும் ஒளியுமாகக் காட்சி நடத்துகிறோம். அங்கே யாரும் அலறும்படி செய்வதில்லை. ஏழு சிறகுகளில் மூன்றே மிஞ்சியிருக்கும் அந்தக் கட்டடத்தில், பதின்மூன்றரை அடிக்கு ஏழடி அறையொன்றில் ஒரு நிமிஷம் நின்றாலே போதும். இந்த இரண்டில் எந்த வகையும் திருமயத்துக்கு வேண்டாம் என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கே பொம்மை ஊமைத்துரையைச் சங்கிலியில் பூட்டிக் குகையில் வைத்தால் கூட்டம் கூடும். பையன்கள் கீழே இறங்கிவந்து ஐஸ் சாப்பிடுவார்கள். காலியாப்பூரைப் பற்றி ஒருவனும் கேட்கமாட்டான்.

வெயில் முற்றிவிட்டது. இறங்கிப் பாறையின் தென்புறத்துக் குடைவரைக் கோவில்களுக்குச் சென்றோம். சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடிகொண்டிருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாளின் பெருவடிவத்தின்மேல் ஆதிசேஷன் விஷச்சுவாலையைக் கக்க, மதுகைடபர்கள் பதறி ஓடுகிறார்கள். கல்லில் வடித்த அந்த ஓட்டத்தைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்தார்கள். ஏணி ஏறிய ஏமாற்றம் அங்கே கொஞ்சம் தீர்ந்தது.

இவ்விரு கோவிலாருக்கும் இடையே ஒரு காலத்தில் பெரிய சச்சரவு மூண்டது. ஹோய்சளத் தண்டநாயகனான அப்பண்ணன் வந்து, 1245-ஆம் ஆண்டில் பஞ்சாயத்துச் செய்து, நிலமும் வருமானமும் இன்னின்னார்க்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுத்தான். அதைக் கல்லிலே வெட்டியும் வைத்திருக்கிறார்கள். தங்கள் ஊர்ச் சண்டை வெளியே தெரிந்தால் அவமானம் என்று அவர்கள் நினைக்கவில்லை. சுவாமி பெயரே சத்தியம், ஊர்ப்பெயரோ திருமெய்யம். நாம்தான் பேச்சுவழக்கில் 'மெய்'யைத் தேய்த்துத் திருமயம் ஆக்கிவிட்டோம் என்று தமிழாசிரியர் சொன்னார். அவருக்குச் சமயம் வாய்த்தால் விடமாட்டார்.

அந்தப் பெருமாள் பெயரைத் தாங்கிய எஸ். சத்தியமூர்த்தி பிறந்ததும் இவ்வூரில்தான், 1887 ஆகஸ்ட் 19-ஆம் தேதி. மன்னர் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக்குச் சென்றவர். சட்டசபையில் வெள்ளைக்கார மந்திரிகளைக் கேள்விகளால் துளைத்தவர். 1942-ல் கைதாகி அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். போகும் வழியில் முதுகுத்தண்டில் பட்ட அடி ஆறவேயில்லை. 1943 மார்ச் 28-ல் சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். இருட்டறை கேட்ட பையனிடம் இதைச் சொல்லி, திருமயத்துக்காரர் ஒருவர் சிறையிருந்த கதை இது என்றோம். அவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதிகளை எழுதிக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி, "சார், இதை அப்பத்தாகிட்ட சொல்லலாம். அந்த ராஜா விஷயத்தையும் சொல்லலாமா?" என்றான்.

சொல்லு என்றோம்.

பஸ்ஸில் ஏறிய பிறகு பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மன்னர் செய்தது தப்பு என்று ஒரு கட்சி. வேறு வழியில்லை என்று மற்றொரு கட்சி. நமணசமுத்திரம் வரும் வரையில் ஓயவில்லை. டிரைவரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார். பொன்னமராவதிச் சிறுமி மாத்திரம் எதிலும் சேராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது அவள் நம்மிடம் வந்து, திருக்களம்பூரில் தன் பெரியம்மா இருப்பதாகவும், காலியாப்பூர்க் காடு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு வருவதாகவும், அடுத்த தடவை அங்கே போகலாமா என்றும் கேட்டாள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.